அவை நிரலை வாசிப்பது எப்படி: நாடாளுமன்றத்தைப் புதிதாகக் கவனிப்போருக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நான் செயலாளராக இருந்த சிறிய சங்கம் ஒன்று, மலேசிய நாடாளுமன்றத்திற்கு வந்திருந்த ஒரு மசோதாவைப் பற்றிப் பதினான்கு பக்க மகஜர், அதாவது கோரிக்கை மனு, தயாரித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கூடிப் பேசினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடித்து மலாயில் எழுதி வாங்கினோம். புதன்கிழமை காலை அதை நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளரிடம் கொடுத்தபோது, அந்தப் பையன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னான்: "அண்ணே, இது நேத்து சாயங்காலமே பாஸ் ஆயிடுச்சே." யாரையும் குறை சொல்ல முடியாது. மசோதா எந்த நாளில் எடுக்கப்படும் என்பதை அறிவிக்கும் தாள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடந்தது. எங்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

நாடாளுமன்றத்தைக் கவனிக்கத் தொடங்கும் இளைஞர்கள், சங்கச் செயலாளர்கள், புதிதாகச் செய்தித் துறைக்கு வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் உரைகளைக் கேட்கிறார்கள், வாக்கு எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில், ஒரு மசோதாவின் தலைவிதி அவற்றுக்கு முன்பே இரண்டு கேள்விகளில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது: அது எந்த நாளில், எதற்குப் பிறகு எடுக்கப்படுகிறது, நடுவில் ஒரு குழுவிடம் போகிறதா, போனால் அந்தக் குழுவின் கைக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்களே, அந்தப் பூசாரி இருக்கும் இடம், அன்றன்று எந்த அலுவல் எந்த வரிசையில் எடுக்கப்படும் என்று சொல்லும் அவை நிரல்.

முதல் படி: நாட்காட்டியின் சொற்களைப் பிரித்தறியுங்கள்

டேவான் ராக்யாட் எனும் மக்களவையில் 222 உறுப்பினர்கள். டேவான் நெகாரா எனும் மேலவையில் 70 செனட்டர்கள். இது பலருக்கும் தெரியும். ஆனால் "பெங்கல்", "மெஷுவாராட்" என்ற இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. பெங்கல் என்பது மாமன்னரின் அரச உரையோடு தொடங்கும் முழுத் தவணை. மெஷுவாராட் என்பது அந்தத் தவணைக்குள் சில வாரங்கள் நடக்கும் ஒரு கூட்டம். வழக்கமாக ஒரு தவணையில் மூன்று கூட்டங்கள் இருக்கும்: ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்று, ஆண்டு நடுவில் ஒன்று, அக்டோபரில் தொடங்கும் வரவு செலவுத் திட்டக் கூட்டம் ஒன்று. திங்கள் முதல் வியாழன் வரை காலை பத்து மணிக்கு அவை கூடும். வரவு செலவுத் திட்டம் மட்டும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தாக்கல் செய்யப்படும்.

அவை எப்போது கூட வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பு மிகக் குறைந்த நிபந்தனையையே வைக்கிறது. 55ஆவது பிரிவின்படி, ஒரு தவணையின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தவணையின் முதல் அமர்வுக்கும் இடையில் ஆறு மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. அந்த வரம்புக்குள் எத்தனை நாள், என்ன அலுவலுக்கு என்பதெல்லாம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. 2020 மே 18 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஒரே நாள் மட்டும் அவை கூடியது, அரச உரை நிகழ்ந்தது, விவாதம் இல்லை. பிரதமர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றைச் சபாநாயகர் ஏற்றிருந்தும், அதை எடுத்துக்கொள்ள அன்றைய நிரலில் இடம் இருக்கவில்லை. நாட்காட்டியே விவாதத்தை முடித்துவைக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: நிரலை மேலிருந்து கீழாக அல்ல, இடம் பார்த்து வாசியுங்கள்

நாடாளுமன்ற இணையதளத்தில் "அத்துரான் உருசான் மெஷுவாராட்" என்ற தலைப்பில் ஒவ்வொரு அமர்வு நாளுக்கும் ஒரு தாள் ஏற்றப்படும். இதுதான் அவை நிரல். முதலில் வாய்மொழிக் கேள்விகள் வரும். பிறகு, புதிதாக அவைக்குக் கொண்டுவரப்படும் மசோதாக்கள். அதன் பின் "பாச்சாஆன் காலி யாங் கெடுவா", அதாவது விவாதம் நடக்கும் இரண்டாம் வாசிப்புக்குக் காத்திருக்கும் அரசாங்க மசோதாக்களும் அமைச்சர்களின் தீர்மானங்களும். கடைசியில், பக்கம் பக்கமாக, தனி உறுப்பினர்கள் கொடுத்த தீர்மானங்கள்.

புதியவர்கள் அந்தக் கடைசிப் பக்கங்களைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, இந்தியர் மேம்பாடு என்று நம் மனத்துக்கு நெருக்கமான ஒரு பொருள் அங்கே அச்சிடப்பட்டிருப்பதைப் படம் பிடித்து, "நாளை நாடாளுமன்றத்தில் விவாதம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அது நாளை நடக்காது. அந்தக் கூட்டத்திலும் பெரும்பாலும் நடக்காது. காரணம், மக்களவையின் அவை விதிகளான "பெரத்துரான் மெஷுவாராட்"டில் 14, 15ஆம் விதிகள். அரசாங்க அலுவலுக்கே முன்னுரிமை. அது முடிந்த பிறகுதான் தனி உறுப்பினர் அலுவல். அரசாங்க அலுவல் எந்த நாளும் முடிந்துபோவதில்லை. ஆகவே அந்த நீண்ட பட்டியல், பந்தியில் இலை போட்ட பிறகும் பரிமாற ஆள் வராத வரிசையைப் போல அப்படியே நிற்கும்.

அந்த வரிசையை மாற்ற முடியாதா என்றால், முடியும். மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2016 மே 26 அன்று, ஷரியா நீதிமன்றங்களின் தண்டனை வரம்பை உயர்த்தக் கோரி, இஸ்லாமியக் கட்சியான பாஸின் தலைவர் ஹாடி அவாங் கொடுத்திருந்த தனி உறுப்பினர் தீர்மானம், அரசாங்க அலுவலைத் தாண்டி மேலே ஏறியது. ஏறவைத்தவர் அப்போது பிரதமர் துறை அமைச்சராக இருந்த அசாலினா ஒத்மான். ஓர் அமைச்சர் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியாகத்தான் அது நடந்தது. அன்று அந்தக் கூட்டத்தின் கடைசி நாள். ஹாடி தம் தீர்மானத்தை வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். 2017 ஏப்ரல் 6 அன்று, மறுபடியும் ஒரு கூட்டத்தின் கடைசி நாளில், அது முன்மொழியப்பட்டது. சபாநாயகர் பண்டிக்கார் அமின் மூலியா விவாதத்தை ஒத்திவைத்தார். தீர்மானத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி நம் சமூகத்தில் பலத்த கருத்துகள் இருந்தன, இருக்கின்றன. அதை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கையில் சிறிய ஓர் எதிர்க்கட்சியின் தீர்மானம் வரிசையில் முன்னே வருவதும், பேசப்படாமலே நாடு முழுவதும் பேசப்படுவதும் நிரலின் வேலை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரலில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: பி.எம். 12(1), அதாவது பெரத்துரான் மெஷுவாராட்டின் 12(1)ஆம் விதி, என்ற எண்ணின் கீழ் வரும் அமைச்சர் தீர்மானம். இன்னின்ன அலுவல் முடியும் வரை அல்லது இத்தனை மணி வரை அவை கலையாது என்று சொல்வது அதன் வேலை. வழக்கமாக மாலை ஐந்தரைக்குக் கலையும் அவை அதனால் இரவு வரை நீளலாம். எங்கள் மகஜர் பிந்தியதற்கு இதுவே காரணம்: வியாழக்கிழமைக்குத்தான் முறை வரும் என்று நாங்கள் போட்ட கணக்கை, செவ்வாய்க்கிழமை நிறைவேறிய ஒரு வரித் தீர்மானம் கலைத்துவிட்டது.

மூன்றாம் படி: முதல் வாசிப்பின்போது அமைச்சர் சொல்லும் ஒரே வாக்கியத்தைப் பிடியுங்கள்

முதல் வாசிப்பு என்பது சடங்கு போல அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மசோதாவின் பெயர் வாசிக்கப்படும், விவாதம் கிடையாது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் அமைச்சர் அல்லது துணை அமைச்சர், இரண்டாம் வாசிப்பு எப்போது என்பதைச் சொல்வார். "காலி இனி" என்றால் இதே கூட்டத்தில். "ஆக்கான் டாத்தாங்" என்றால் அடுத்த கூட்டத்தில். முதலாவதைக் கேட்டால் உங்கள் கையில் சில நாட்கள்தான் இருக்கின்றன. இரண்டாவதைக் கேட்டால் சில மாதங்கள் இருக்கின்றன, மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

வேறுபாடு எவ்வளவு என்பதற்குத் தேதிகளே சாட்சி. பொய்ச் செய்திகளுக்கு எதிரான மசோதா 2018 மார்ச் 26 அன்று முதல் வாசிப்புக்கு வந்தது. ஏப்ரல் 2 அன்று 123க்கு 64 என்ற வாக்குகளில் மக்களவையில் நிறைவேறியது. ஏழே நாட்கள். அது அன்றைய தேசிய முன்னணி அரசாங்கத்தின் பழக்கம் என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று: தொடர்பு, பல்லூடகச் சட்டத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 2 அன்று வந்து, டிசம்பர் 9 அன்று 59க்கு 40 என்று நிறைவேறியது. அதுவும் ஏழே நாட்கள். 222 பேர் கொண்ட அவையில் வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அரசாங்கத்தின் நிறம் மாறினாலும், கூட்டத்தின் கடைசி நாட்களில் மசோதாக்களை அள்ளிக்கொண்டுவந்து அவசரமாக முடிக்கும் ஆசை மாறுவதில்லை.

இதற்கு மாறாக, குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 மார்ச் 25 அன்று அவைக்கு வந்து, அக்டோபர் 17 அன்றுதான் 206 வாக்குகளோடு நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களும், பிறப்புப் பத்திரச் சிக்கலில் உள்ள குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்புகளும், உறுப்பினர்களைச் சந்தித்துப் பேச அந்த இடைவெளி உதவியது. இவ்வளவு மெதுவாகப் போனது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நாட்டின் அடிப்படைச் சட்டத்தைத் தொடும்போது மெதுவாகப் போவதே முறை என்பேன்.

நான்காம் படி: எந்தக் குழு, எந்த விதியின் கீழ் அமைந்தது என்று பாருங்கள்

குழு என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் முழு அவையே ஒரு குழுவாக உட்கார்ந்து மசோதாவை வரி வரியாகப் பார்ப்பது ஒன்று. இது பெரும்பாலும் சில மணி நேர வேலை. பொதுக் கணக்குக் குழு, அதாவது பிஏசி, 77ஆம் விதியிலேயே பெயர் எழுதப்பட்ட நிரந்தரக் குழு. "ஜாவாத்தான்குவாசா பிலிஹான் காஸ்" எனப்படும் சிறப்புத் தேர்வுக் குழுக்கள் 81ஆம் விதியின் கீழ், அவையின் தீர்மானத்தால் அமைபவை. சுகாதாரம், நிதியும் பொருளாதாரமும், பெண்கள் குழந்தைகள் சமூக மேம்பாடு, மனித உரிமையும் தேர்தலும் நிறுவனச் சீர்திருத்தமும் என்று துறைவாரியாக இவை இருக்கின்றன. 2018 டிசம்பரில், முகமட் அரிஃப் சபாநாயகராக இருந்தபோது, ஆறு குழுக்களோடு இந்த முறை உயிர்பெற்றது. விதியில் பெயர் இருப்பதற்கும் தீர்மானத்தால் பிறப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் அரசாங்கம் மனம் வைத்து மறுபடி தீர்மானம் கொண்டுவந்தால்தான் சிறப்புக் குழுக்கள் இருக்கும்.

அதிகாரத்தைப் பொறுத்தவரை, தாளில் அவை பலவீனமானவை அல்ல. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் உரிமையை 83ஆம் விதி தேர்வுக் குழுக்களுக்குத் தருகிறது. நாடாளுமன்றத்தின் உரிமைகளையும் அதிகாரங்களையும் பற்றிய 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பின்புலமாக நிற்கிறது. ஆனால் அழைத்தும் வராதவரைக் குழு தானே தண்டித்துவிட முடியாது. விஷயத்தை அவைக்குக் கொண்டுபோக வேண்டும். அவையில் பெரும்பான்மை அரசாங்கத்துக்கு. கடிவாளம் எங்கே இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அதிகாரத்தை எடுத்துக்கொள்ளாமலே குழுவை முடக்கும் வழியும் உண்டு. 2015 ஜூலை 28 அமைச்சரவை மாற்றத்தில், அப்போது 1எம்டிபி எனும் அரசு முதலீட்டு நிறுவனத்தின் விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்த பிஏசியின் தலைவர் நூர் ஜஸ்லானும் மேலும் மூன்று உறுப்பினர்களும் அரசாங்கப் பதவிகளுக்கு உயர்த்தப்பட்டார்கள். அரசாங்கப் பதவியில் இருப்பவர் பிஏசியில் இருக்கக் கூடாது என்பது விதி. தலைவர் இல்லாததால் அக்டோபரில் புதியவர் நியமிக்கப்படும் வரை விசாரணை நின்றது. அறிக்கை 2016 ஏப்ரலில்தான் வந்தது. அந்த மூவரில் ஒருவரான மாஸ் எர்மியாத்தி சம்சுடின், 2023இல் எதிர்க்கட்சி உறுப்பினராக அதே பிஏசிக்குத் தலைவரானார் என்பதை இடையில் ஒரு வார்த்தையாகச் சொல்லி வைக்கிறேன். அதே குழு நன்றாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, கடற்படைக்கான கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தைப் பற்றிய 2022 ஆகஸ்ட் அறிக்கையைப் பாருங்கள். வோங் கா வோ தலைமையிலான குழு, ஆறு கப்பல்களுக்கான திட்டத்தில் அரசாங்கம் 608 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தும் ஒரு கப்பல்கூட முடியவில்லை என்று வெளியே கொண்டுவந்தது. சிறப்புச் சட்டம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படித்ததே போதுமானதாக இருந்தது.

மசோதாக்களைக் குழுவிடம் அனுப்புவது பற்றி. இங்கே 54ஆம் விதி முக்கியம். அவை தீர்மானித்தால் ஒரு மசோதாவைத் தேர்வுக் குழுவிடம் ஒப்படைக்கலாம். தானாக எதுவும் போகாது. போலீஸ் மீதான புகார்களுக்கான சுயேச்சை ஆணையம் அமைக்கும் ஐபிசிஎம்சி மசோதா 2019 அக்டோபரில் இப்படித்தான் குழுவிடம் போனது; குழு பொதுமக்களின் கருத்தையும் கேட்டது. ஆனால் 2020இல் அரசாங்கம் மாறியது; வேறொரு மசோதா அதன் இடத்தைப் பிடித்தது; அதிகாரம் குறைக்கப்பட்ட ஐபிசிசி சட்டமாகத்தான் அது 2022 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. குழுவின் உழைப்பைக் காக்க எந்த விதியும் இல்லை. கட்சித் தாவல் தடைத் திருத்தமோ வேறு விதமாக முடிந்தது. 2022 ஏப்ரல் 11 அன்று அவைக்கு வந்தபோது, அதன் வாசகம் அளவுக்கு மீறி விரிவானது என்று இரு தரப்பு உறுப்பினர்களும் அஞ்சினார்கள். சிறப்புக் குழுவிடம் போய், வாசகம் குறுக்கப்பட்டு, 49ஏ என்ற திட்டவட்டமான பிரிவாகத் திரும்பி வந்து, ஜூலை 28 அன்று 209 வாக்குகளோடு நிறைவேறியது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் அரசாங்கமும் அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்கு அடித்தளமாக இருந்தது. அன்றைய அரசாங்கத்தின் பெரும்பான்மை மெல்லியதாக இருந்ததால்தான் அந்த ஒப்பந்தமே வந்தது. பலமான பெரும்பான்மை கொண்ட எந்த அரசாங்கமும் குழுக்களுக்கு மனமுவந்து அதிகாரம் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் இந்த விவாதம் ஒவ்வொரு தவணையிலும் எழுகிறது. மசோதாக்கள் வழமையாகவே குழு வழியாகப் போக வேண்டுமா, குழு அறிக்கைக்கு அமைச்சர் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட வேண்டுமா, அந்த அறிக்கைகளை விவாதிக்க நிரலில் நாள் ஒதுக்க வேண்டுமா, குழுக்களுக்குச் சொந்த ஆய்வாளர்கள் வேண்டாமா என்பன அதன் முக்கியக் கேள்விகள். இவற்றில் கடைசிக் கேள்விக்கு ஓரளவு வழி பிறந்திருக்கிறது: 1992இல் நீக்கப்பட்ட 1963ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தின் இடத்தில் புதிய மசோதா ஒன்று 2025 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது, தன் பணியாளர்களை நாடாளுமன்றமே நிர்வகித்துக்கொள்ள அது இடம் தருகிறது.

மற்ற நாடுகளைக் காட்டி வாதிடுபவர்கள் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993 முதல் இருக்கின்றன. 17இல் தொடங்கி 2004இல் 24 ஆயின. இருந்தும் அங்கே மசோதாவைக் குழுவிடம் அனுப்புவது கட்டாயமல்ல. நம் அவை விதிகளின் தாய்வீடான வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், 2009ஆம் ஆண்டின் ரைட் குழு அறிக்கைக்குப் பின், சாதாரண உறுப்பினர்களின் அலுவலுக்காக ஒரு குழு 2010இல் அமைந்தது. தவணைக்கு 35 நாட்களின் பொருளை அது தீர்மானிக்கிறது. ஆனால் அரசாங்க அலுவலையும் சேர்த்து நேரத்தைப் பங்கிடும் அவை அலுவல் குழுவை அமைப்பதாக அளித்த வாக்குறுதி அங்கேயே நிறைவேறவில்லை. நாட்காட்டியை விட்டுக்கொடுக்க எந்த ஊர் அரசாங்கத்துக்கும் மனம் வருவதில்லை. தனி உறுப்பினர் அலுவலுக்கு மாதம் ஒரு நாளாவது அவை விதியிலேயே எழுதிவைப்பதுதான் நமக்கு முதலில் வேண்டியது என்பது என் கருத்து. குழுக்களின் அதிகாரத்தை விரிப்பது அதற்கு அடுத்தபடி.

ஐந்தாம் படி: மகஜரைக் குழுவின் கைக்கு ஏற்றபடி எழுதுங்கள்

உணர்ச்சி பொங்கும் பதினான்கு பக்கங்களை யாரும் படிப்பதில்லை. இப்போது நாங்கள் நான்கு பக்கங்களுக்கு மேல் போவதில்லை. மலாயில் எழுதுங்கள், உங்கள் உறுப்பினர்களுக்காகத் தமிழ் வடிவம் தனியாக இருக்கட்டும். முதல் பத்தியில் மசோதாவின் பெயரையும், அதன் முகப்பில் டி.ஆர். என்று தொடங்கும் எண்ணையும் குறிப்பிடுங்கள். பிறகு அட்டவணை போட்டு, ஒரு பக்கம் "ஃபாசால்" எனப்படும் உட்பிரிவின் எண்ணும் இப்போதைய வாசகமும், மறுபக்கம் நீங்கள் கேட்கும் வாசகமும், கீழே இரண்டு வரியில் காரணமும் எழுதுங்கள்.

ஒரு சிறிய உதாரணம். புகார்தாரருக்கு ஆணையம் முடிவைத் தெரிவிக்க "போலே" என்று ஒரு மசோதாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெரிவிக்கலாம் என்று பொருள்; தெரிவிக்காமலும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லை "ஹெண்டாக்லா" என்று மாற்றக் கேட்டால் அது கடமையாகிவிடும். நீதி, சமத்துவம் என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு சொல் மாற்றத்தை ஓர் உறுப்பினரால் கையில் எடுத்துக்கொள்வது எளிது. முழு அவைக் குழுவில் எழுத்து மூலம் திருத்த அறிவிப்புக் கொடுக்கவும் அவருக்கு அது அப்படியே பயன்படும்.

குழுத் தலைவரை விளித்து, ஜாலான் பார்லிமென், 50680 கோலாலம்பூர் என்ற முகவரிக்கு அனுப்பி, ஒரு பிரதியை உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இன்னொன்றைக் குழுவில் உள்ள எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவருக்கும் கொடுங்கள். இரு தரப்பையும் தொடாத மகஜர் ஒற்றைக் காலில் நிற்கும். குழு உங்களை நேரில் அழைத்துச் சாட்சியம் கேட்டால் ஓர் எச்சரிக்கை: குழு தன் அறிக்கையை அவையில் வைக்கும் முன், அங்கே கொடுத்த சாட்சியத்தையும் ஆவணங்களையும் வெளியிடக் கூடாது என்று 85ஆம் விதி சொல்கிறது. கூட்ட அறையிலிருந்து வெளியே வந்த கையோடு முகநூலில் எல்லாவற்றையும் எழுதிவிடும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். போய் வந்தோம் என்று சொல்லலாம். உள்ளே என்ன பேசினோம் என்பது காத்திருக்கட்டும்.

ஆறாம் படி: நேரலையைப் பாருங்கள், ஹன்சார்டை நம்புங்கள்

பார்வையாளர் மாடத்துக்குப் போக விரும்புபவர்கள் உறுப்பினரின் அலுவலகம் வழியாக முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, மைகார்டு அடையாள அட்டையுடன், நீளக்கை பாத்தேக் சட்டை போன்ற முறையான உடையில் போக வேண்டும். ஒரு முறை போவது நல்லது. 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் அன்னாசித் தோல் போன்ற வெளிச்சுவருக்காகவாவது. அன்றாட வேலைக்கு யூடியூப் நேரலை போதும்.

மேற்கோள் காட்ட மட்டும் ஹன்சார்டுக்குப் போங்கள். "பெஞாத்தா ரஸ்மி" என்ற அந்த அதிகாரபூர்வ அறிக்கையின் முதல் வடிவில், இன்னும் சரிபார்க்கப்படாத பிரதி என்ற குறிப்பு இருக்கும். செய்திக்குப் பயன்படுத்தினால் அதைச் சொல்லிவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் வரும் சிறு குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். மேசை தட்டியது, சிரித்தது, ஒலிவாங்கி அணைக்கப்பட்டது எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். யார் எத்தனை நிமிடம் பேசினார் என்பதைவிட, யாருடைய ஒலிவாங்கி எந்த வாக்கியத்தில் அணைந்தது என்பது சில நாட்களில் முக்கியமான செய்தி. குரல் வாக்கெடுப்பில் முடிந்ததா, 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று எண்ணி வாக்கெடுக்கக் கேட்டார்களா என்பதும் அங்கேதான் தெரியும். பின்னது நடக்காவிட்டால் உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதற்குப் பதிவே இருக்காது.

ஏழாம் படி: நிறைவேறிய பிறகும் தாளை மூடிவிடாதீர்கள்

மக்களவை முடித்ததும் மசோதா மேலவைக்குப் போகும். மேலவை வெறும் முத்திரை என்று சொல்பவர்களிடம், 2018 செப்டம்பர் 12ஐக் கேளுங்கள். பொய்ச் செய்திகளுக்கு எதிரான அதே சட்டத்தை நீக்க புதிய அரசாங்கம் ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேற்றிய மசோதாவை, பழைய ஆட்சியில் நியமனமான செனட்டர்கள் நிறைந்த மேலவை நிராகரித்தது. அரசியலமைப்பின் 68ஆவது பிரிவு மேலவைக்குத் தருவது தடுக்கும் அதிகாரமல்ல, ஏறத்தாழ ஓராண்டு தாமதிக்கும் அதிகாரம். 2019 அக்டோபர் 9 அன்று மக்களவை மறுபடி நிறைவேற்றியது; டிசம்பரில் மேலவையும் ஒப்புக்கொண்டது. ஏழு நாளில் பிறந்த சட்டத்தை எடுக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

அதன் பின் மாமன்னரின் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு. ஒப்புதலுக்கு அரசியலமைப்பு 30 நாட்கள் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் முதல் ஃபாசாலைப் பாருங்கள்: பல சட்டங்களில், அது அமலுக்கு வரும் தேதியை அமைச்சர் நிர்ணயிப்பார் என்று எழுதியிருக்கும். ஐபிசிசி சட்டம் மக்களவையில் நிறைவேறியது 2022 ஜூலை 26. அமலுக்கு வந்தது 2023 ஜூலை 1. புகைபிடித்தல் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2023 நவம்பர் 30 அன்று நிறைவேறி, 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இந்த இடைவெளிக்கு அவை நிரல் கிடையாது, விவாதமும் கிடையாது. வாய்மொழிக் கேள்வியாக அதைக் கேட்கச் சொல்லி உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள். கேள்விகளை ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் கூட்டம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அவர் மேசையில் இருக்க வேண்டும்.